எலும்பு என்னும் விளைநிலம்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் காலை அமர்வில் தலைமையாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அவர்கள் எனக்கு முதலில் தந்த தலைப்பு ‘கல்வியும் நம் சமுதாயமும்’ என்பதாகும். கடந்த 25 ஆண்டுகளில் இம்மேடையில் அத்தலைப்பில் பேசாதார் இல்லை. நானே இருமுறை பேசியிருக்கிறேன். ஆகவே வேறு பொருளில் பேச இசைவு கேட்டேன். ‘எதைப் பற்றி?’ என்றார். ‘எலும்பைப் பற்றி’ என்றேன். சற்றே திகைத்தவர், பிறகு சிரித்துக்கொண்டு, ‘பேசுங்கள் ஐயா’ என்று விட்டுவிட்டார். அவருக்கு என் நன்றி.

நான் அறிவியல் பட்டதாரி அல்லன். வரலாறு பயின்று பி.ஏ., பி.எட். பட்டம் பெற்றவன். ஆய்வுக்கூடத்தில் மனித எலும்பின் மாதிரியை உருவாக்கி, அதில் புற்றுநோயைக் குடியேற்றி, ஒவ்வொரு நோயாளிக்கும் ஏற்ற மருந்து எது என்று தேடும் புதிய ஆராய்ச்சி ஒன்று நடந்து வருகிறது. அதனை எனக்குச் சொல்லித் தந்தவள் நம் விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி. இன்று வெளி மாநிலத்தில் உயிர் மருத்துவப் பொறியியலில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்து வருகிறாள். சென்ற பொங்கல் விடுமுறையில் என் இல்லத்திற்கு வந்து, மூன்று மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினாள். தன் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்பது அவள் விருப்பம். இவ்வுரையில் நல்லவை அவளுடையவை, பிழைகள் என்னுடையவை.

எலும்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்களாயின், ஓர் உரிமை உண்டு. என் பாட்டனார் எலும்பு பொறுக்கியவர். ஊரில் மாடு இறந்தால் அதனை அப்புறப்படுத்தும் வேலை நம்மவர் மீது சுமத்தப்பட்டிருந்தது. தோலை ஒருவர் கொண்டு போவார். காட்டோரத்தில் காய்ந்து கிடக்கும் எலும்பை என் பாட்டனார் பொறுக்கிச் சாக்கில் கட்டிச் சந்தைக்குச் சுமந்து செல்வார். அங்கிருந்து அஃது எலும்பு ஆலைக்குப் போய், அரைபட்டு, உரமாகத் திரும்பி வரும். அந்த உரம் இட்ட வயலில் விளைந்த நெல்லை ஊரார் அனைவரும் உண்டனர். எலும்பைத் தொட்ட கையை மட்டும் தீண்டவில்லை.

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, அறிவியல் ஆசிரியர் ஒரு மாட்டின் தொடை எலும்பை வகுப்பிற்குக் கொண்டு வந்தார். அதைத் தொட எவரும் முன்வரவில்லை. ஆசிரியர் என்னை அழைத்து, ‘உனக்குப் பழக்கம்தானே, நீ பிடித்துக் காட்டு’ என்றார். பாடம் முடியும்வரை அதனை ஏந்திக்கொண்டு நின்றேன். எலும்பைப் பற்றிய கேள்விகளோ அமர்ந்திருந்த மற்ற மாணவர்களிடம் கேட்கப்பட்டன. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இனி மற்றொரு நிகழ்ச்சி. இதுவே இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். 2011ஆம் ஆண்டு, நான் பணியாற்றிய பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வலது முழங்காலுக்கு மேல் வலிக்கிறது என்றான். கபடி நன்றாக ஆடுவான். ஆட்டத்தில் அடிபட்டிருக்கும் என்று நாங்கள் எண்ணினோம். எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள். கட்டுவதும் பிரிப்பதுமாக மூன்று மாதங்கள் கழிந்தன. இரவில் வலியால் பிள்ளை உறங்குவதில்லை என்று அவன் தாயார் வந்து அழுத பின்னரே எக்ஸ்-ரே எடுக்கப்பட்டது. தொடை எலும்பின் கீழ் முனையில் புற்றுநோய், நுரையீரலுக்கும் பரவியிருந்தது. அவன் தந்தையுடன் நானும் மருத்துவரைக் காணச் சென்றேன். மருத்துவர் மருந்துகளின் பெயர்களை எழுதிக் காட்டினார். தந்தை கேட்டது ஒரே கேள்வி: ‘இந்த மருந்து என் பிள்ளைக்குக் கேட்குமாங்க ஐயா?’ மருத்துவர் நேர்மையானவர். ‘கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்’ என்றார்.

கொடுத்துப் பார்த்தார்கள். தலைமயிர் உதிர்ந்தது, வாயெல்லாம் புண்ணாயிற்று, எடை குறைந்தது. கட்டி குறையவில்லை. மறு ஆண்டு பொதுத்தேர்வு எழுத அவன் இல்லை.

கொடுத்துப் பார்க்கும் அந்தச் சோதனையை அப்பிள்ளையின் உடம்பிற்கு வெளியே செய்ய இயலாதா? நான் சொல்ல வந்த ஆராய்ச்சி கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

முதலில் எலும்பு என்பது யாது என்று காண்போம். எலும்பு என்றவுடன் சுடுகாடும் சாம்பலும் நம் நினைவிற்கு வருகின்றன. உயிரற்ற பொருள் என்றே கருதுகிறோம். உண்மை அதுவன்று. மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. கோழிக்கால் எலும்பு ஒன்றைக் காடியில், அதாவது கடையில் வினிகர் என்று விற்கும் நீரில், சில நாட்கள் ஊறப்போடுங்கள். இடையிடையே காடியை மாற்றுங்கள். எலும்பின் வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் ரப்பரைப் போல் வளையும். சுண்ணாம்புச் சத்து கரைந்து, கொலாஜன் என்னும் புரத நார் மட்டும் எஞ்சியதே காரணம். மற்றோர் எலும்பை நெருப்பிலிட்டால் நார் எரிந்து தாது உப்பு எஞ்சும்; வடிவம் இருக்கும், விரலால் அழுத்தினால் நொறுங்கும். நாரும் உப்பும் சேர்ந்திருப்பதே எலும்பின் வலிமை. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உப்பு. கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்த கட்டடம் போன்றது எனலாம்.

ஆனால் இது தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொள்ளும் கட்டடம். எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் ஒரு சாரார். புதிதாக ஆக்கும் உயிரணுக்கள் மற்றொரு சாரார். எலும்பிற்குள்ளேயே புதைந்து கிடந்து, எங்கே சுமை கூடுகிறது, எங்கே குறைகிறது என்று உணர்ந்து இவ்விருவரையும் ஏவும் உயிரணுக்கள் மூன்றாம் சாரார். வளர்ந்த மனிதனின் 206 எலும்புகளில் ஆண்டுதோறும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையோ நாள்தோறும் இருபதாயிரம் கோடி சிவப்பணுக்களை ஆக்கித் தருகிறது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் எலும்பு தடிக்கிறது; படுக்கையில் கிடப்பவரின் எலும்பு மெலிகிறது. ஒருவர் எவ்வாறு உழைத்தார் என்பது அவர் எலும்பில் எழுதப்பட்டிருக்கிறது. வரலாற்று மாணவனாகிய எனக்கு இச்செய்தி மிகவும் பிடித்திருந்தது.

இத்தகைய எலும்பில் புற்றுநோய் இருவகையாக வருகிறது. ஒன்று, எலும்பிலேயே தோன்றுவது. அம்மாணவனுக்கு வந்த ஆஸ்டியோசார்கோமா இவ்வகையைச் சேர்ந்தது. வேகமாக வளரும் பதின்ம வயதில், பெரும்பாலும் முழங்காலை ஒட்டி வரும். அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் யூயிங் 1921இல் விவரித்த யூயிங் சார்கோமாவும் இளையோரையே தாக்குகிறது. இவை அரிய நோய்கள்; கால் வலித்தவர் எல்லாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அடிபட்ட வலி நாளுக்கு நாள் குறையும். வாரக்கணக்கில் குறையாமல், இரவில் எழுப்பும் வலியும் வீக்கமும் இருந்தால் எண்ணெயை வைத்துவிட்டு எக்ஸ்-ரே எடுங்கள். இதைத் தாய்மார்கள் நினைவில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மற்றொரு வகை, வேறிடத்தில் தோன்றி எலும்பிற்குக் குடிவருவது. மார்பகம், விந்துச் சுரப்பியை அடுத்த பிராஸ்டேட் சுரப்பி, நுரையீரல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் எலும்பை மிகவும் விரும்புகின்றன. ஏன் எலும்பை? இக்கேள்வியை 1889ஆம் ஆண்டிலேயே இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் எழுப்பினார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். நோய் கண்ட இடத்திலெல்லாம் பரவவில்லை. சில உறுப்புகளையே நாடிச் சென்றிருந்தது. புற்றணு விதை, உறுப்பு நிலம், விதை எங்கும் சிதறினாலும் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று அவர் முடிவு கட்டினார். வயலில் இறங்கி நாற்று நட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் பேஜெட்டிற்குப் பின் பல ஆண்டுகள் ஆராய்ச்சியாளர்கள் விதையை ஆராய்ந்த அளவிற்கு நிலத்தை ஆராயவில்லை.

எலும்பு எத்தகைய நிலம் என்பதை இப்போது அறிந்துள்ளனர். அதன் உப்புக் கட்டிற்குள் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. மார்பகப் புற்றணு எலும்பிற்குள் நுழைந்து, எலும்பு ஆக்கும் உயிரணுவை ஏய்த்து, அதன் வாயிலாகவே கரைக்கும் உயிரணுவை ஏவிவிடுகிறது. எலும்பு கரைகிறது, உள்ளிருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிப்படுகின்றன, அவற்றை உண்டு புற்றணு கொழுக்கிறது, கொழுத்தது மேலும் கரைக்கச் செய்கிறது. வீட்டின் சுவரை வீட்டுக்காரனைக் கொண்டே இடிப்பித்து, அதனுள் புதைத்திருந்த தானியத்தை உண்ணும் கள்வனைப் போன்றது இது. பிராஸ்டேட் புற்றணுவோ பெரும்பாலும் எதிர்வழியில், ஒழுங்கற்ற எலும்பை மிகையாகக் கட்டச் செய்கிறது. விதை வேறானால் நிலம் படும் பாடும் வேறு.

இனி மருந்து ஆராய்ச்சி எவ்வாறு நடந்து வந்தது என்று பாருங்கள். புற்றணுக்களைத் தட்டையான பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பார்கள். அதன்மேல் மருந்தை ஊற்றுவார்கள். இறந்தால் மருந்து நன்று என்பார்கள். பின்னர் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் தட்டு எலும்பன்று; அதில் உப்பில்லை, நாரில்லை, குருதி ஓட்டமில்லை, அண்டை அயல் உயிரணுக்களும் இல்லை. எலியின் எலும்பு நம் எலும்பைப் போல் புதுப்பித்துக்கொள்வதில்லை. மனிதர் மீது சோதிக்கத் தொடங்கும் மருந்துகளில் பத்தில் ஒன்பது தோற்றுப்போகின்றன என்பர். ஆஸ்டியோசார்கோமாவிற்கு மெதோடிரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் என்னும் மூன்று மருந்துகள் 1980களிலிருந்து முதன்மையாக இருந்து வருகின்றன. காலை எடுப்பது மட்டுமே வழியாக இருந்த காலத்தில் ஐவரில் ஒருவரே பிழைத்தனர். இம்மருந்துகள் வந்தபின், நோய் பரவாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் மூவரில் இருவர் வரை பிழைக்கின்றனர். அது பெரிய வெற்றியே. ஆனால் அதன்பின் நாற்பது ஆண்டுகளாக அக்கணக்கு பெரிதும் மாறவில்லை. பரவிய பின் வந்தவர்களுக்கு இன்றும் நிலைமை கடினமே.

மயிலையில் குடத்திலிருந்த எலும்பிலிருந்து பூம்பாவை என்னும் பெண் எழுந்து வந்தாள் என்று பெரியபுராணம் கூறுகிறது. அதை நம்புவோர் நம்பலாம். நான் சொல்லப்போவது தலைகீழானது: பெண்ணின் உயிரணுவிலிருந்து எலும்பை எழுப்பும் கதை. இது நம்பிக்கையைச் சார்ந்ததன்று. எவரும் போய்ப் பார்க்கலாம்.

இவ்வேலை நடக்கும் இடங்களுள் முதன்மையானது நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம். ஆம், 1913ஆம் ஆண்டில் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் கடல் கடந்து சென்று சேர்ந்த அதே பல்கலைக்கழகம்தான். அவர் அங்கே 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார், 1952இல் அப்பல்கலைக்கழகம் அவரை அழைத்து டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. அங்கே இன்று கோர்டானா வுன்யாக் நோவாகோவிக் என்னும் அம்மையார் பேராசிரியராக இருக்கிறார். யுகோஸ்லாவியா என்று அன்று வழங்கிய நாட்டின் பெல்கிரேடு நகரில் பயின்றவர். அவர் படித்தது மருத்துவமன்று, வேதிப் பொறியியல். உயிருள்ள திசுக்களைப் பொறியியல் முறையில் ஆக்குவதே அவர் துறை.

அவர்களுடைய எலும்பு எவ்வாறு ஆகிறது? முதல் வேலை, இறைச்சிக்காக வெட்டப்பட்ட கன்றின் எலும்பை வாங்குவது. அதன் பஞ்சு போன்ற உட்பகுதியைச் சிறு வில்லைகளாக அறுக்கிறார்கள். விசை மிகுந்த நீர்த்தாரையால் மஜ்ஜையை வெளியேற்றுகிறார்கள். பிறகு சோப்புப் போன்ற கரைசல்களிலும் நொதிக் கரைசல்களிலும் மாறி மாறிக் கழுவி, மாட்டின் உயிரணு ஒன்றுகூட எஞ்சாமல் நீக்கி, உறையவைத்து உலர்த்துகிறார்கள். கிடைப்பது வெண்மையான வெற்றுக் கூடு. நாரும் உப்பும் அமைந்த, ஆளற்ற வீடு. கவனியுங்கள்: உலகின் தலைசிறந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் முதல் பாடம் மாட்டெலும்பைச் சுத்தம் செய்வதாக இருக்கிறது.

அவ்வீட்டில் மனிதனின் குருத்தணுக்களைக் குடியேற்றுகிறார்கள். ஸ்டெம் செல் என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பல வகைத் திசுக்களாக மாறும் ஆற்றல் கொண்ட இளம் உயிரணுக்கள் அவை. அவற்றிற்கு உணவும் எலும்பாவதற்குரிய தூண்டுதலும் தந்து சில வாரங்கள் வளர்த்தால், அவை எலும்பு ஆக்கும் உயிரணுக்களாகி மனித எலும்பைப் படைக்கத் தொடங்குகின்றன. 2014ஆம் ஆண்டில் இக்குழுவினர் இப்படி ஆக்கிய எலும்பிற்குள் யூயிங் சார்கோமா புற்றணுக்களைச் சிறு உருண்டைகளாக்கி வைத்தனர். பிளாஸ்டிக் தட்டில் வளர்ந்தபோது தம் இயல்பை இழந்திருந்த அப்புற்றணுக்கள், எலும்பிற்குள் சென்றவுடன் நோயாளியின் உடலிலுள்ள கட்டியைப் போலவே நடந்துகொள்ளத் தொடங்கின. தட்டில் உறங்கியிருந்த மரபணுக்கள் விழித்தன. பேஜெட் சொன்ன விதையும் நிலமும் 125 ஆண்டுகளுக்குப் பின் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் சேர்ந்தன என்று கூறலாம்.

வேறு வழியில் செல்வோரும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் போர்ட்லண்டு நகரிலுள்ள குழுவினர், மாட்டெலும்பே இல்லாமல், கொலாஜன் கூழில் உயிரணுக்களைக் கலந்து, சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் நிறைந்த நீரில் வைத்து, மூன்றே நாட்களில் நாருக்குள் உப்பு படியச் செய்தனர். லூயிஸ் பெர்டசோனி தலைமையிலான அவ்வேலை 2019இல் வெளிவந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தினர் 2025இல் முழுவதும் மனித உயிரணுக்களால் ஆன எலும்பு மஜ்ஜை மாதிரியை அறிவித்தனர். குருதிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அது பயன்படும்.

‘ஒவ்வொரு நோயாளிக்கும்’ என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது எவ்வாறு? இங்கே ஜப்பானியர் ஒருவரை நினைவுகூர வேண்டும். கியோட்டோ நகரின் ஷின்யா யமனாகா, முதிர்ந்த உயிரணுவைப் பின்னோக்கித் திருப்பிக் குருத்தணுவாக்க முடியும் என்று 2006இல் எலியிலும் 2007இல் மனிதனிலும் காட்டினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். இதனால், ஒருவர் கையிலிருந்து எடுத்த சிறிதளவு இரத்தத்திலிருந்தே அவருடைய எலும்பு, இதயம், கல்லீரல் ஆகியவற்றின் சிறு மாதிரிகளை ஆக்க வழி பிறந்தது.

கொலம்பியாக் குழுவினர் 2022ஆம் ஆண்டில் இதைத்தான் செய்து காட்டினர். நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லின் அளவே உள்ள கருவி ஒன்றில் இதயம், கல்லீரல், எலும்பு, தோல் ஆகிய நான்கின் திசுக்களையும் தனித்தனி அறைகளில் வைத்து, குருதி ஓட்டம் போன்ற ஒரு நீரோட்டத்தால் இணைத்தனர். நான்கு வாரங்கள் அவை தத்தம் இயல்பு குன்றாமல் இருந்தன. அதில் செலுத்திச் சோதித்த மருந்து எது தெரியுமா? டாக்சோரூபிசின். மருத்துவர் எழுதிக் காட்டிய சீட்டில் இரண்டாவதாக இருந்த பெயர். அது புற்றணுவைக் கொல்லும். சிலருக்கு இதயத்தையும் கெடுக்கும். யாருக்குக் கெடுக்கும் என்பதை முன்கூட்டி அறிவதே அச்சோதனையின் நோக்கங்களுள் ஒன்று. நோயாளியின் எலும்பு ஓர் அறையில், அவரது கட்டியிலிருந்து எடுத்த புற்றணு அதற்குள், அவரது இதயம் அடுத்த அறையில். மருந்தை அங்கே செலுத்துவார்கள். கட்டி கரைகிறதா, இதயம் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். அதன் பிறகு பிள்ளையின் நரம்பில் ஊசி. இதுவே அவர்கள் அடைய விரும்பும் இலக்கு.

இலக்கு என்றுதான் கூறினேன். அடைந்துவிட்டார்கள் என்று கூறவில்லை. ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்று மாதம் ஒருமுறை கொட்டை எழுத்தில் வெளியிடும் பத்திரிகைகளின் பட்டியலில் நான் சேர விரும்பவில்லை. இன்று எந்த மருத்துவமனையிலும் எலும்புப் புற்றுநோயாளிக்கு இம்மாதிரியைப் பார்த்து மருந்து எழுதும் வழக்கம் ஏற்படவில்லை. ஆய்வுக்கூட எலும்பிற்கு நடக்கத் தெரியாது. உடல் எடை அதன்மேல் அழுந்துவதில்லை. நோய் எதிர்ப்பு ஆற்றல் முழுமையாக அதில் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, காலம். குருத்தணுவாக்கி, எலும்பாக்கி, புற்றணுவைக் குடியேற்றுவதற்குள் பல வாரங்கள் ஓடிவிடுகின்றன, நோய் காத்திருப்பதில்லை. செலவையும் எண்ணிப் பாருங்கள். இருப்பினும் அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டம் இயற்றி, புதிய மருந்தை விலங்கில் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கி, இத்தகைய மாதிரிகளுக்கும் வாயில் திறந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாதிரிகள் எவருடைய உயிரணுவால் ஆனவை? புற்றணுவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் கலை, ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியிடமிருந்து பெருவளர்ச்சி பெற்றது. புகையிலைத் தோட்டத்தில் உழைத்த குடும்பம். 1951இல் பால்டிமோர் நகர மருத்துவமனையில் அவரது கருப்பைவாய்ப் புற்றிலிருந்து ஒரு துணுக்கை எடுத்தார்கள். அவரிடம் கேட்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் 31ஆம் வயதில் அவர் இறந்தார். அவருடைய உயிரணுக்கள் இன்றளவும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றால் பெரும் பொருள் ஈட்டினார்கள். குடும்பத்தினருக்குப் பல ஆண்டுகள் செய்தியே தெரியாது. அவற்றை விற்றுப் பொருளீட்டிய நிறுவனம் ஒன்றுடன் 2023ஆம் ஆண்டில்தான் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு உடன்பாடு ஏற்பட்டது.

நம் நாட்டுக் கதையும் இதற்கு இளைத்ததன்று. உலக மருத்துவக் கல்லூரிகளில் மாணவர் பயின்ற மனித எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை நெடுங்காலம் கல்கத்தா வழியாக இந்தியாவிலிருந்தே சென்றன. 1985இல் அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. அவ்வெலும்புகளைச் சுத்தம் செய்தவர்கள் பிணம் தொடும் பணி விதிக்கப்பட்ட சாதியினர். எலும்பாக இருந்தவர்களோ பெரும்பாலும் ஏழைகள். எவரிடமும் ஒப்புதல் கேட்டதாகத் தெரியவில்லை. ஆகவே, நாளை நம்மிடம் ஒரு காகிதத்தை நீட்டி, ‘ஆராய்ச்சிக்காகச் சிறிது இரத்தம் வேண்டும்’ என்று கேட்டால், மறுக்க வேண்டாம். கைநாட்டு வைத்துவிட்டு எழுந்து போகவும் வேண்டாம். படித்துப் பார்த்து, எதற்கு, எங்கே போகும், எங்களுக்குத் தெரிவிப்பீர்களா என்று கேளுங்கள். அதே வேளையில், கொடுக்க மறுப்பதிலும் ஓர் இழப்பு உண்டு. மரபு அமைப்பு மக்களுக்கு மக்கள் வேறுபடுகிறது. ஐரோப்பியர் உயிரணுவில் மட்டுமே மருந்தைச் சோதித்தால், அது நம் பிள்ளைக்குக் கேட்குமா என்ற கேள்வி மீண்டும் கேள்வியாகவே நிற்கும்.

நம் மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பாடம் முடிந்து விடைபெறும்போது அவள் தயங்கி நின்றாள். ‘முதல் ஆறு மாதம் நான் செய்தது எலும்பு கழுவும் வேலைதான் ஐயா. ஆட்டுத் தொடை எலும்பை வாங்கி வந்து, அறுத்து, நீர்த்தாரை அடித்துக் கழுவிக்கொண்டே இருந்தேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்த வேலையிலிருந்து எங்களை மீட்கத்தானே அப்பா படிக்க வைத்தார்’ என்றாள். எனக்கு உடனே விடை கூறத் தோன்றவில்லை.

உள்ளறையில் படுத்திருந்த என் அன்னையார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வயது 84. அங்கிருந்தே குரல் கொடுத்தார்கள்: ‘எதில் போட்டுக் கழுவுகிறாய் பிள்ளே? உள்ளே இருக்கிற கொழுப்புப் போகாமல் வாடை போகாது. எங்க மாமா சொல்லுவார்.’ அவள் சட்டென்று எழுந்து உள்ளே சென்று, கட்டிலருகே தரையில் அமர்ந்தாள். ‘ஆமாம் பாட்டி. கொழுப்புப் போகாவிட்டால் உயிரணுவும் ஒட்டாது. எனக்கு இரண்டு முறை அப்படித்தான் கெட்டுப்போயிற்று’ என்றாள். அதன்பின் அரை மணி நேரம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

அவள் அனுப்பிய படங்களைச் சங்க நூலகத்தில் சட்டமிட்டு வைத்திருக்கிறோம். அருகில் ஒரு புட்டியில், காடியில் ஊறிய கோழி எலும்பு இருக்கிறது. நூலகம் மாலை 6 மணி வரை திறந்திருக்கும். மாணவர்கள் அதை வெளியே எடுத்து, தொட்டு, வளைத்துப் பார்க்கலாம். கேள்விகளைப் பக்கத்திலுள்ள குறிப்பேட்டில் எழுதி வைத்தால் அவளுக்கு அனுப்பி விடை பெற்றுத் தருகிறேன்.